கரெக்ட் சார்

வடக்குப்பட்டில் எந்த வீட்டுப் பிள்ளை பாஸானாலும் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பச்சையப்பன் வீட்டுக்குத்தான் வரவேண்டும். ஊரிலேயே முதன்முதலாக பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த ஆள் அவர். மறைமலை நகரில், பிஸ்டனுக்குள் போகும் இரும்புப் பின்களைக் கடைந்து மோட்டார் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவனை ஐ.டி.ஐ.யில் போடு, அவளை டைப்ரைட்டிங்கில் போடு என்று தலையெழுத்தை எழுதித் தள்ளுவார். பிரம்மாவுக்கே இந்த வேலைக்கு நாலு தலை வேண்டியிருந்தது. பச்சையப்பனுக்கு ஒன்றே போதும்.

பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார். அதை மறைத்தால் எனக்குத்தான் பாவம். அவர் பேச்சைக் கேட்டு வேலைக்குப் போய் நிமிர்ந்த குடும்பங்கள் ஊரில் உண்டு. ஆனால் அவரைத் தாண்டி யாரையும் அவர் அனுப்பியதில்லை. அவர் தோள் உயரத்தில் எல்லோரும் நின்றுவிட வேண்டும்.

1991 ஜூன் மாதம் அந்தக் கார்டு வந்தது. வந்தது வேறு யாருக்குமில்லை, அவர் பெண்டாட்டி காவேரியின் தங்கை மஞ்சுளாவுக்கு. காஞ்சிபுரம் காலேஜில் அவளும் பிசிக்ஸ்தான் படித்திருந்தாள். பெங்களூரில் ஒரு பெரிய விஞ்ஞான நிறுவனம், எம்.எஸ்ஸி.யையும் டாக்டர் பட்டத்தையும் சேர்த்தே படிக்க, உதவித்தொகையோடு இடம் தருவதாக நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. அவள் அப்பா பலராமன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "கெடச்சா போ. கெடைக்கலன்னா படிப்பு இத்தோட சரி."

கார்டைப் பச்சையப்பன் திருப்பித் திருப்பிப் படித்தார். பொறாமைதான், வேறென்ன. அதே நிறுவனத்துக்கு, வாலிப வயதில் அவரும் போயிருந்தார். "சீட்டு கெடச்சுது, எங்கப்பாவுக்குக் கை கால் வராம போச்சு, வுட்டுட்டு வந்துட்டேன்" என்பது ஊருக்குச் சொன்ன கதை. நடந்தது வேறு. கேள்வி கேட்ட பெரியவர் போர்டில் வேண்டுமென்றே தப்பாக ஒன்றை எழுதி, சரியா என்றார். தப்பென்று பச்சையப்பனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. பெரிய மனுஷரை எதிர்த்துப் பேசலாமா? "கரெக்ட் சார்" என்றார். பெரியவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்று இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார். அதற்கும் பச்சையப்பன் தலையாட்டினார். மறுத்துப் பேசுகிற ஆளைத்தான் அங்கே தேடுகிறார்கள் என்பது, திரும்பி வருகிற பஸ்ஸில், இண்டர்வியூவுக்கு வந்திருந்த பக்கத்து ஸீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பலராமன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பச்சையப்பன் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை எப்படி அடுக்குவது, எந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பது, எந்த பஸ்ஸில் ஏறுவது, எல்லாம் பழுதில்லாத யோசனை. நல்ல பாலில்தானே விஷம் கலக்க முடியும்.

"இன்னொண்ணு மஞ்சுளா. அவங்க இன்னா சொன்னாலும் 'கரெக்ட் சார்'னு சொல்லு. எதுத்துப் பேசாத."

"தப்பா சொன்னா மாமா?"

"தப்பா சொன்னாலும் அதான். எங்க கம்பெனில இண்டர்வியூ எடுக்கறவனே நான்தான். வாயாடற ஆள நான் எடுக்கவே மாட்டேன். பெரிய எடத்துல மரியாதயதான் மொதல்ல பாப்பாங்க."

"எங்க காலேஜ் ஸ்ரீமதி மேடம் வேற மாதிரி சொன்னாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, சந்தேகம் வந்தா கேளு, என்ன ஆராய்ச்சி பண்ணணும்னு நீயே சொல்லுன்னாங்க."

"அந்த மேடம் அவ்ளோ தெரிஞ்சவங்கன்னா இன்னாத்துக்கு காஞ்சிபுரத்துல குந்திகினு கீறாங்க? பெங்களூர் போயிருக்கலாமே!"

பலராமன் சிரித்தார். மஞ்சுளா சிரிக்கவில்லை.

"அதுவும் இப்ப ஊரு இருக்கற இருப்புல" என்று பச்சையப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஸ்ரீபெரும்புதூர் பக்கம்னு சொன்னாலே ஏற எறங்கப் பாக்கறான். வாயத் தொறந்தா வம்பு."

மே மாதம் அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அது உண்மைதான். லாட்ஜுகளில் அறைகூடக் கொடுக்கத் தயங்கினார்கள். பலராமன் கலவரப்பட்டு, "மாப்ள சொல்றதக் கேளு. நாலு எடம் பாத்தவரு" என்று மகளை அதட்டினார். வயல்காட்டு வீட்டுக்குத் தெரிந்த இண்டர்வியூ, கம்பெனி வாசலில் நடப்பதுதான். அந்த வாசலுக்குள் போனவர்கள் எல்லோரும் தலையாட்டித்தான் போனார்கள். மஞ்சுளாவும் சரியென்றாள்.

அவள் பெங்களூரில் இருந்த அன்று பச்சையப்பன் கம்பெனியில் மெஷின்களுக்கு நடுவே நிலைகொள்ளாமல் நடந்தார். எங்கே தன் பேச்சை மீறிவிடுவாளோ என்றுதான் பயம்.

மீறவில்லை. திரும்பி நேரே அக்கா வீட்டுக்கு வந்தவளின் முகமே சொல்லிவிட்டது. காவேரி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே மஞ்சுளா சொன்னாள்.

"லிஃப்ட் வேகமெடுத்து மேல போனா உள்ள தொங்கற ஊசல் மெதுவா ஆடும்னு போர்டுல போட்டாரு மாமா. வேகமாத்தான் ஆடும். எனக்கு நல்லாத் தெரியும். நீங்க சொன்னீங்களேன்னு 'கரெக்ட் சார்'னேன்."

பச்சையப்பனுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியில் வாய் நழுவிவிட்டது. "சாக்பீஸக் கீழ வச்சிட்டு, 'நிச்சயமா'ன்னு இன்னொரு வாட்டி கேட்டிருப்பாரே?"

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பகுதிக்கு அவள் இன்னும் வரவே இல்லை.

"ஆமா மாமா" என்றாள் நிதானமாக. "கேட்டாரு."

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பச்சையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே பிடிபடப் போகிறது என்று சமாதானமானார்.

அடுத்த மாதமே அவளைத் தன் கம்பெனியில், பின்களின் அளவைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்ஷனில் சேர்த்துவிட்டார். கொழுந்தியாளுக்கு வழிகாட்டிய புண்ணியவான் என்று ஊர் மெச்சியது. அவருக்கோ அவள் வாயால் தினமும் 'சார்' என்று கேட்பதில்தான் ருசி. சில நாள் வேண்டுமென்றே பத்துப் பேருக்கு முன்னால், "பெங்களூர் போயிட்டு வந்தவங்க, கொஞ்சம் பெருக்கிட்டுப் போங்க" என்பார். அவள் பெருக்கினாள்.

தீபாவளிக்கு முன்னால் அவசர ஆர்டர் ஒன்று வந்தது. எல்லோருக்கும் ஓவர்டைம். பரபரப்பில் பச்சையப்பனின் கை பட்டு, பின்னின் கனத்தை அளக்கும் மைக்ரோமீட்டர் மேஜையிலிருந்து விழுந்தது. எடுத்துத் துடைத்தார். முதல் பின்னை அளந்தார், அந்த அளவுக்கு மெஷினை செட் பண்ணச் சொன்னார். மைக்ரோமீட்டரை மஞ்சுளாவிடம் நீட்டினார்.

"பாரு. சரியா இருக்குதா?"

அவள் அதை மூடிப் பார்த்தாள். மூடினால் பூஜ்யத்தில் நிற்க வேண்டிய கோடு தள்ளி நின்றது. அதில் எடுத்த அளவெல்லாம் தப்பு. பிசிக்ஸ் லேபில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது, அவரும் படித்ததுதான். பதவி வந்தபின் பாடம் எதற்கு? அவள் கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கரெக்ட் சார்."

ஏனோ தெரியவில்லை, அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்தது. "நிச்சயமா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

எங்கோ சுருக்கென்றது. வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அனுப்பிய லாட் முழுவதும் அளவு குறைந்து இளைத்துப்போன பின்கள். மோட்டார் கம்பெனியில் உற்பத்தி லைனே நின்றது. அனுப்பியது அத்தனையும் அதே லாரியில் திரும்பி வந்தது. மேனேஜர் ரகுபதி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"செட்டிங் சார்தான் பாத்தாரு. சரின்னாரு" என்றாள் மஞ்சுளா. "நான் புதுசு சார். பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசக்கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

"நல்ல பொண்ணு" என்றார் மேனேஜர். பச்சையப்பனைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் நாற்காலி இருந்தது. மார்க் ஷீட்டோடு யாரும் வரவில்லை. பலராமன் மட்டும் மஞ்சுளாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். உள்ளே காவேரி, பால்குடிக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாப்ள, உங்க கையிலயா தப்பு வந்துச்சு? யாராச்சும் சொல்லக்கூடாது?"

பச்சையப்பன் வாயைத் திறந்தார். இவளுக்குத் தெரியும், தெரிந்தே என் கழுத்தை அறுத்தாள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மஞ்சுளா பக்கத்தில் வந்து நின்றாள். "சொல்லுங்க மாமா. பெங்களூர்லருந்து ஆரம்பிச்சு சொல்லுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஆயிற்று. "மைக்ரோமீட்டர் கீழ வுழுந்துடுச்சு" என்று மட்டும் முனகினார்.

அவளுக்கு அதில் சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. போன பெங்களூர் திரும்பி வந்துவிடுமா? ஷிப்டுக்குக் கிளம்பியவளை வாசலில் காவேரி பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜரு உம்மேல மரியாதயா கீறாராமே. மாமாவுக்காக ஒரே ஒரு வார்த்த சொல்லேண்டி."

மஞ்சுளா அக்காவின் கையை மெல்ல விலக்கினாள். மரத்தடியில் இருந்தவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்:

"பெரியவங்க எடுத்த முடிவு, அக்கா. கரெக்டாத்தான் இருக்கும்."

பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மறைமலை நகர் பஸ்ஸுக்கு நடந்தாள்.