முன்னறையில் முடிந்த உலகம்

அறிவித்தபடியே ஒரு வியாழக்கிழமை மதியம் உலகம் முடிந்தது, ஆனால் முடிவுக்காரர் வீட்டு முன்னறையில் மட்டும். உள்ளே வெளிச்சம் இல்லை, சுவர்க்கடிகாரம் ஓடவில்லை. அடுத்த அறையில் அவர் மனைவியின் தையல் மெஷின் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

முடிவுக்காரர் வேதத்தைப் புரட்டி அதற்கு முன்பும் மூன்று முறை உலகம் முடிய நாள் குறித்தவர். நாள் நெருங்கினால் சீடர்கள் வேலையை விடுவார்கள், வீட்டை விற்பார்கள், ஆனால் கடவுள் முன்னால் பழைய துணியோடு நிற்க மட்டும் மனம் வராது. ஆளாளுக்கு வெள்ளைத் துணியோடு அவர் மனைவியிடம் வந்துவிடுவார்கள். மேலே போய் எவ்வளவு காலம் உட்கார வேண்டுமோ, இடுப்பில் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும் என்பார்கள். ஒவ்வொரு முறையும் மகளின் கல்யாணத் துணி வெட்டியது வெட்டியபடியே ஓரத்துக்குப் போகும். "உலகமே முடியப் போகுது, இவளுக்குக் கல்யாணம் ஒரு கேடா?" என்பார் அப்பா. மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. பேசி வைத்திருந்த எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை, இந்த முறையும் தள்ளிப்போனால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வியாழக்கிழமை சீடர்கள் அடுத்த அறையில் தங்கள் வெள்ளை உடைக்குப் பட்டன் தைத்து வாங்கக் காத்திருந்ததால் தப்பித்தார்கள். முன்னறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். வெளியே வர ஒரு தடையும் இல்லை. வந்தால் உலகம் இருக்கிறது என்று ஆகிவிடுமே, அதனால் வரவில்லை. காலம் நின்றாலும் பசி நிற்கவில்லை போலும், சாப்பாட்டு வேளையில் மட்டும் இருட்டிலிருந்து ஒரு கை நீளும்.

அன்று மாலையே மனைவி மகளின் துணியை மெஷினில் போட்டாள்.

"எல்லாம் முடிஞ்சு போச்சு, இன்னும் என்னடி தையல்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சு, சந்தோஷம். எனக்கு இன்னும் ஓரம் அடிக்கணும்."

அடுத்த வாரமே கூடத்தில் கல்யாணம் நடந்தது. கை நீண்டு மகளின் தலையைத் தொட்டு ஆசி கொடுத்தது. பிறகு உள்ளே போகாமல் அங்கேயே நின்றது. "சாப்பாடு இன்னும் போடலையா?"

சீடர்கள் வேறு தேதி சொன்னவரிடம் போனார்கள், துணி தைக்க மட்டும் இங்கேயே வந்தார்கள். வருடங்கள் ஓடின. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்பட்டது, விரல் முட்டிகள் வீங்கின. இருட்டிலிருந்து நீளும் கையில் மட்டும் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு கோடையில், தட்டோடு உள்ளே போன பால் வாரக்கணக்கில் கெடாமல் இருந்ததைக் கண்டாள். அதிலிருந்து பால், தக்காளி, பேத்தியின் மருந்து எல்லாம் முன்னறைக்குப் போயின. "அந்தப் பாலைக் கொஞ்சம் எடுங்க" என்பாள். கை சிந்தாமல் எடுத்து நீட்டும். உலகம் இருந்தவரை அந்த மனுஷன் ஒரு டம்ளரைக்கூட எடுத்துக் கொடுத்தவரில்லை.