லைசன்ஸ் போதும்

காளீஸ்வரன் மனைவியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். மேஜையில் கிடந்த தாளில் ரத்தம் சொட்டியது. அதைக் கசக்கி எறிந்துவிட்டு இன்னொரு தாளை எடுத்து வைத்தான்.

"போடுடி கையெழுத்த."

பூங்கோதை பேனாவைத் தொடவில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் கேட்கவே, மாமியார் உலகம்மாள் சன்னலைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

முந்தின நாள் ஏர்வாடியில், மொட்டைமாடியில் ஈரத்துணி காயப்போடப் போன சூஃபியா என்ற பெண், சோலார் தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தொட்டாள். தொட்ட கை ஒட்டிக்கொண்டது. கீழே இறக்கும்போது உயிர் இல்லை, உள்ளங்கை கரிந்திருந்தது. ஒயர் ஒன்று சட்டத்தில் உரசி அதன் மேலுறை கிழிந்திருந்தது. சட்டத்துக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. தகடுகளை மாட்டியவன் காளீஸ்வரன்.

அந்தக் கரண்ட் வேலை செய்ய அவனுக்கு லைசன்ஸ் கிடையாது. லைசன்ஸ் பூங்கோதையுடையது. நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடும் விவசாயி ராக்கப்பனின் மகள், எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து வாங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் நகை கேட்கவில்லை, லைசன்ஸ் போதும் என்றார்கள். வரதட்சணை வாங்காத மாப்பிள்ளை என்று ஊரே மெச்சியது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாடியிலும் அவளை ஏறவிடவில்லை. வீட்டுப் பொம்பளை ஏணியில் ஏறினால் மானம் போய்விடுமாம். வேலையைச் சோதித்துப் பார்த்ததாக அடுப்படிக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் அவள் வேலை. ஏர்வாடி வீட்டுக்கும் பார்க்காமலே போட்டாள். இப்போது, எர்த் சோதித்தேன், சரியாக இருந்தது என்று பழைய தேதியில் இன்னொரு தாள் வேண்டுமாம்.

"முன்ன போட்டதுக்கே ஒரு உசுரு போயிருச்சு," என்றாள் பூங்கோதை.

அவன் இரும்புக் குறடு ஒன்றை எடுத்து அவள் வலதுகையில் ஓங்கி அடித்தான். விரல்கள் ஒடிந்தன. இனி அந்தக் கையால் கையெழுத்து விழாது என்பது அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த ஆத்திரத்தில் அவள் வயிற்றில் உதைத்துவிட்டு வெளியே போனான்.

உலகம்மாள் பத்துப்போட மஞ்சள் எடுக்கப் போன நேரத்தில், பூங்கோதை கையை முந்தானையால் சுற்றிக்கொண்டு ஏர்வாடி பஸ் ஏறினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் சூஃபியாவின் வாப்பா அலியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கும்படியே சொன்னாள்: ரிப்போர்ட்டில் இருப்பது தன் கையெழுத்து, அந்த மாடியைத் தான் பார்த்ததே இல்லை, தன் லைசன்ஸை வைத்துப் புருஷன் தொழில் செய்கிறான். கொண்டுவந்த லைசன்ஸை மேஜையில் வைத்தாள். அலியார் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"நீ ஏறிப் பாத்திருந்தா எம்மக பொழச்சிருக்குமா?"

"பொழச்சிருக்கும்."

அவர் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.

அன்று சாயங்காலமே காளீஸ்வரனைப் பிடித்தார்கள். ஆனால் வழக்கில் முதல் பெயர் பூங்கோதையுடையது. காகிதப்படி அந்த வேலையைப் பார்த்து முடித்தவள் அவள்தான்.

விஷயம் கேள்விப்பட்டு ராக்கப்பன், போலீஸ் அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். மகளின் வீங்கிய முகத்தை ஏறிட்டுப் பார்க்கமுடியாமல் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"லைசன்ஸயும் குடுத்துட்டியே தாயி. இனி அந்த வீட்டுல ஒன்னைய எதுக்குச் சேத்துக்குவாக?"

"சேத்துக்க மாட்டாகய்யா," என்றாள் பூங்கோதை. "தெரிஞ்சுதான் குடுத்தேன்."