முன்மாதிரி நுகர்வோருக்கு ஒரு கேடயம்

1

இந்தக் கதை ஒரு பாராட்டுக் குறிப்பாகப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின் விநியோக அலுவலகம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறது. அதில் முன்மாதிரி நுகர்வோர் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். இப்படித் தொடங்கினேன்:

'சூரியன் மறைகிறது. வெயிலில் கிடைத்த மின்சாரம் நின்றுபோகிறது. ஊரே விளக்கையும் அடுப்பையும் ஏசியையும் போடும் அந்த நேரத்தில், தன் வீட்டுச் சுவிட்சை அணைத்து நாட்டுக்கே ஒளி தருகிறார் ஒரு'

(நிறுத்திவிட்டேன். 'நாட்டுக்கே ஒளி' என்று எழுதிய கையை என்ன செய்யலாம்?)

2

ஆளைப் பார்க்காமல் எழுத வரவில்லை. நுகர்வோர் தொடர்பு அதிகாரியோடு கிளம்பினேன். மாலையில் மின்சாரச் செலவைக் குறைக்கும் திட்டத்துக்கு வீடு வீடாக ஆள் சேர்ப்பவள் அவள். சம்மதித்த வீடுகளின் பெரிய சாதனங்களை அலுவலகத்திலிருந்தே அணைத்தும் விடுவாள். பட்டப்பெயர் 'சிக்கனம்'.

கதவைத் திறந்தவர் லிப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். கூடத்தில் ஒரே ஒரு விளக்கு.

"உங்க வீட்லதான் சார் மாலைச் செலவு ரொம்பக் குறைஞ்சிருக்கு. எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று சிக்கனம் கேடயத்தை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. உள்ளறையைக் காட்டினார். கட்டில், காற்று மெத்தை, ஓரமாக ஓர் ஆக்சிஜன் மிஷின்.

"என் சம்சாரம் போயிட்டாம்மா. ராப்பகலா ஓடின மிஷின் நின்னுபோச்சு. நான் பண்ண சிக்கனம் அவ்வளவுதான்."

அவள் கேடயத்தைப் பைக்குள் திணித்தாள்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: ஒரு வீடு போன வருடம் செலவழித்ததைவிட இந்த வருடம் எவ்வளவு குறைத்தது என்பதுதான் சேமிப்பு. குறைந்தது மீட்டருக்குத் தெரியும். ஏன் குறைந்தது என்று தெரியாது.)

3

இந்த இடத்தில் அவரை அழவைத்து ஒரு வரைவு எழுதினேன், அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. எங்களுக்கு டீ போட்டுத் தந்தார்.

"இந்தத் திட்டத்துல சேர்ந்ததே அவதான். 'சும்மா படுத்துதானே கிடக்கறேன், ஊருக்கு ஒரு உபகாரமாவது பண்றேனே'ன்னா. அப்ப எதையும் அணைக்க முடியல. இப்ப மின்சாரம் மிச்சம் பண்ணதுக்கு நன்றின்னு உங்க ஆபீஸ்லருந்து தினம் சாயந்தரம் அவ போனுக்கு மெசேஜ் வருது."

"மன்னிச்சிடுங்க சார். நிறுத்திடறேன்."

"வேணாம்மா. அவ பேருக்கு வேற எதுவும் வர்றதில்ல. இது எவ்வளவு நாளைக்கு வரும்?"

வருடம் முடியும்வரை என்றாள். அதன்பிறகு, இந்த வருடத்துச் செலவே அடுத்த வருடத்துக்கு அளவுகோல்.

"அப்ப அவ இருந்த கணக்கே அழிஞ்சிடுமா?"

சிக்கனம் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

4

முடிவு எழுத உட்கார்ந்தேன். மலருக்குத் தோதானது: அவர் மனம் தேறி, மாடியில் சூரியத் தகடு பதித்து, அக்கம்பக்கத்துக்கும் மின்சாரம்... கண்றாவி. இன்னொன்று: வெளியூரிலிருந்து மகள் வந்து அவரை அழைத்துப் போகிறாள். (அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு முடிவுக்காக மகளைப் பெற்றுத் தர என்னால் ஆகாது.)

நடந்தது வேறு. மலரில் வேறொரு குடும்பம் சிரித்தது. கொஞ்ச நாள் கழித்துச் சிக்கனம் போன் செய்தாள்.

"அவர் வீட்டு மீட்டர் பழையபடி ஏறுது சார். போய்ப் பார்த்தேன். வெறும் கட்டில் பக்கத்துல மிஷின ஓடவிட்டு உட்கார்ந்திருக்கார். 'நன்றி மெசேஜ் நின்னா நிக்கட்டும்மா, வருஷக் கணக்குல அவ குறையக் கூடாது'ங்கறார்."

இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் மிகையென்று நானே வெட்டியிருப்பேன்.

5

இப்போது மறுபடி அழைத்திருக்கிறாள். காற்று விழுந்துவிட்டது, காற்றாலைகள் நிற்கின்றன. அணைக்க முடிந்ததையெல்லாம் அணைக்காவிட்டால் ஊரின் ஒரு பகுதியே இருண்டுவிடும் என்கிறார் மேலதிகாரி. அவள் திரையில் அந்த மிஷினை மட்டும் ஒரு குறி காப்பாற்றிக்கொண்டிருக்கிறது: 'நோயாளி உள்ள வீடு, தொடக்கூடாது.' குறியை எடுக்கும் அதிகாரம் அவளுக்கு உண்டு.

"ஒரு மிஷினால பெரிசா ஒண்ணும் ஆகிடாது சார். ஆனா மத்த வீட்டையெல்லாம் அணைச்சிட்டு இத மட்டும் தெரிஞ்சே விடறேன். குறிய எடுத்தா, அங்க யாரும் இல்லன்னு நானே எழுதின மாதிரி. அங்க நோயாளி இல்லங்கறது, அவர விட்டா, நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். சொல்லுங்க, எடுத்துடட்டுமா?"

'எடு' என்று எழுதிப் பார்த்தேன். 'விட்டுவிடு' என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரைவிலும் அவர் அந்தக் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன். போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன், வாசகரே. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். இனி இது மூன்று பேருக்குத் தெரியும். நீங்கள் சொல்லுங்கள் அவளுக்கு.