துவைனி வீட்டு வாசல் வளைவு

போன வருடம் மணல்மேட்டில் வண்டி ஏற்றும் போட்டியில் பாதி ஏறி மாட்டிக்கொண்டதிலிருந்து, ஓமானில் எங்கள் ஊரான பிதியாவில் துவைனிக்குப் பெயர் 'பாதிமேடு'. பேரீச்சம்பழம் வாங்கப் போனாலும் கடைக்காரர் "வா, பாதிமேடு" என்றுதான் வரவேற்பார். இந்த வெள்ளிக்கிழமையும் ஏறாவிட்டால் அந்தப் பெயர் பேரப்பிள்ளைகள் வரை போகும். போகவேண்டும் என்று ஆசைப்பட்டவன் மர்ஹூன், துவைனியின் தங்கை கணவன். அன்று கயிறு கட்டி இழுத்து வந்தவனும் அவன்தான்.

டயரில் காற்றைக் குறைக்காமல் மணலில் பாய்ந்ததுதான் கோளாறு என்று நாங்கள் சொன்னோம். காற்றிறங்கிய டயரில் வண்டிக்குக் கம்பீரம் இல்லை என்பது துவைனியின் கட்சி. டயர் சின்னது, அவ்வளவுதான் என்றான். பின்பக்கம் திறந்த தன் பிக்கப் வண்டியை ஏற்கெனவே ஸ்பிரிங் மாற்றி உயர்த்தி வைத்திருந்தான். இப்போது மஸ்கட்டிலிருந்து என் இடுப்பு உயரத்தில் நான்கு டயர்கள் வந்திறங்கின. விஷயம் வெளியே தெரியக்கூடாதென்று வீட்டு முற்றத்திலேயே ஜாக்கி வைத்து மாட்டினான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது, மட்கார்டை அறுத்தான். பம்பரில் இடித்தது, பம்பரையும் அறுத்தான். அறுக்கும் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அவ்வளவு ரகசியம். பழைய டயர்களைக் கையோடு விற்றும்விட்டான்.

வெள்ளித் தொழுகை முடிந்து ஊரே அவன் தெருவில் நின்றது. புதுத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக முற்றத்திலிருந்து உறுமிக்கொண்டு வந்தவன், வாசலுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக்கை மிதித்தான்.

எல்லாவற்றையும் அளந்தவன் வாசலை அளக்கவில்லை. அதன் மேலே அவன் அப்பா ஹமூத் கட்டிய வளைவு. வளைவின் அடியில் சிமெண்டில் செய்த காபிக்கூஜா ஒன்று தொங்கியது; வண்டியின் கூரை இப்போது அதற்கும் மேலே. ஓமானிலேயே இப்படியொரு வளைவு கிடையாது என்பது ஹமூத்தின் சொந்த அபிப்பிராயம்.

"எப்பா, அந்தக் கூஜாவ மட்டும் தட்டிட்டா..."

"தட்டு. மொதல்ல என் தலையத் தட்டிட்டு, அப்புறம் கூஜாவத் தட்டு."

மர்ஹூன் வளைவுக்கடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். "மச்சான், மேட்டுல மாட்டுனவன் நெறைய பேரப் பாத்திருக்கேன். வீட்டுக்குள்ளயே மாட்டுனவன இன்னிக்குத்தான் பாக்குறேன்."

துவைனி இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். அப்போதும் இரண்டு விரல் இடித்தது. கூஜாவைக் காப்பாற்றும் பொறுப்பை ஹமூத்தே எடுத்துக்கொண்டார்.

"பின்னால ஏறுங்கடா. நல்லாத் தின்னு வளர்ந்தவனெல்லாம் முன்னுக்கு வா."

ஏறினோம். ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது. வளைவைக் கடக்கும்போது அத்தனை பேரும் தலை குனிந்தோம்; தம் வளைவுக்குச் செலுத்தப்பட்ட மரியாதை என்று ஹமூத் அதை ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் துவைனி காற்றடிக்கும் பம்பைத் தேடினான். அதற்குள் மேட்டுப்பக்கம் ஹாரன்கள் கிளம்பிவிட்டன, அப்படியே ஓட்டினான். மேட்டடியில் நாங்கள் இறங்கிக்கொண்டோம். மர்ஹூன் மட்டும் இறங்கவில்லை. மாட்டிக்கொள்வதை நல்ல இடத்திலிருந்து பார்க்க வேண்டுமாம்.

தொளதொளத்த டயர்கள் ஒட்டகப் பாதம்போல மணலில் பரந்தன. மர்ஹூனின் கனம் பின்சக்கரங்களை அழுத்திப் பிடித்தது. போன வருடம் நின்ற இடம் வந்தது, போனது. பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தவன், அந்த இடம் தாண்டியதும் தன்னை மறந்து "விடாத மச்சான், மிதி" என்று கத்தியது கீழே எங்களுக்கே கேட்டது. உச்சியில் இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஏறியதே தன் கனத்தால்தான் என்று மர்ஹூன் அங்கேயே ஆரம்பித்துவிட்டான்.

இப்போது கடைக்காரர் "வா, துவைனி" என்கிறார். வண்டியை வீட்டுக்குள் விடத்தான் அவனுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. சாயங்காலமானால் நாங்களே போய் ஏறிக்கொள்கிறோம். உள்ளே காபியும் அல்வாவும் தயாராக இருக்கும். எங்கள் கனம் குறையாமல் பார்த்துக்கொள்வது ஹமூத்தின் பொறுப்பு.