பார்த்ததும் வாயில் வந்த பெயர்

அந்த பேஸ் கிட்டாரை யார் பார்த்தாலும் வாயிலிருந்து ‘அரம்’ என்ற சொல் தானாக வந்து விழுந்தது. தும்மலைப் போலத்தான், கொஞ்ச நேரம் அடக்கலாம், அதற்குமேல் முடியாது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ‘அரம்’ என்று சொன்ன பிறகுதான் டிக்கெட்டைக் கிழிப்பார். தபால்காரர் அது செய்யப்பட்ட பட்டறையின் ஜன்னலைத் தாண்டும்போது ‘அரம்’ என்று சொல்லியபடியே சைக்கிளை மிதிப்பார். எதிர்வீட்டுக் குழந்தை அம்மா என்று சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டதால் அந்த வீட்டில் சில நாள் மனஸ்தாபம் இருந்தது. அரம் என்பது அதைச் செய்தவளின் பட்டப்பெயர். கையில் எப்போதும் அரம் இருந்ததாலும், நாக்கும் ஏறக்குறைய அதே மாதிரி இருந்ததாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் முதலில் நாற்காலி செய்கிறவளாகத்தான் இருந்தாள். மனிதர்களின் முதுகும் இடுப்பும் எங்கே வளைகின்றன, எங்கே வலிக்கின்றன என்பது அவளுக்கு அத்துப்படி. அவள் கணவன் ஒரு ஹோட்டல் நடன அரங்கில் பேஸ் வாசித்தான். கல்யாணமான மறு வருஷம் இசைக்குழு போன வேன் கவிழ்ந்து அவனுடைய இடது விலா எலும்புகள் முறிந்தன. சேர்ந்தபோது கோணலாகச் சேர்ந்தன. அதன் பிறகு சாதாரண பேஸை மாட்டினால் அதன் விளிம்பு விலாவில் குத்தியது. கழுத்துப் பக்கம் கனத்துத் தொங்கியதால் இடது கை வாசிப்பதா, தூக்கிப் பிடிப்பதா என்று தவித்தது. அரம் அவனைச் சுவரோரம் நிற்கவைத்து, பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் அவன் உடம்பின் ஓரத்தை வரைந்துகொண்டாள். அந்த அளவுக்கு ஒரு புது பேஸ் செய்தாள்; கழுத்தின் இரு பக்கமும் கொம்பு போல நீளும் மரத்தில் மேல் கொம்பை நீளமாக இழுத்து எடையைச் சமன் செய்தாள். விலா படும் இடத்தைக் கிண்ணம் போலக் குடைந்தாள். உச்சி ஸ்வரங்களுக்குக் கை எட்டக் கீழ்க் கொம்பை ஒட்ட வெட்டினாள். முடித்து அவன் தோளில் மாட்டிவிட்டபோது அவன் கண் கலங்கியது. வலி இல்லை என்றான். விலா விஷயம் வெளியே தெரிந்தால் யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்றும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டான். அவள் சத்தியம் செய்தாள். முதல் ‘அரம்’ அந்த நிமிஷத்தில் அவன் வாயிலிருந்துதான் வந்தது. ஆசையாகக் கூப்பிடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் மேடையில் ஆடாமல் அசையாமல் நின்று வாசித்தான். கூட்டம் அதை ஒரு தோரணை என்று எடுத்துக்கொண்டு அவனுக்குத் தூண் என்று பெயர் வைத்தது. அவனைப் பார்த்து மற்ற வாத்தியக்காரர்களும் அதே வடிவத்தில் கேட்டு வந்தார்கள். நாற்காலிகள் ஒதுங்கின, பட்டறைச் சுவர் முழுக்கக் கொம்புகளாயிற்று. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அரங்கில் விளக்கு போட்டதும் தூண் முன்னால் வருவான். அத்தனை பேரும் ஒரே குரலில் ‘அரம்’ என்பார்கள். முதலில் அவனும் சிரித்தான். இரண்டாம் வருஷம் சிரிப்பு நின்றது. பிறகு அவன் விளக்கு வருவதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கினான், சத்தத்தில் அந்தச் சொல் முழுகட்டும் என்று. அது முழுகவில்லை. பத்திரிகைக்காரர்கள் அவனிடம் பேச வந்து, பேஸைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லி, கடைசியில் அவளைப் பற்றியே கேட்டுவிட்டுப் போனார்கள். வீட்டில் அவன் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறை சொல்ல ஆரம்பித்தான், அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில் அவள் ஒரு கிட்டார் கழுத்தைப் பொருத்துவதற்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, சுவரில் மாட்டியிருந்த கிட்டார் உடல்களைப் பார்த்தாள். வாயிலிருந்து ‘தூண்’ என்று வந்தது. ஏதோ நினைப்பில் சொல்லிவிட்டோம் என்று மறுபடி பார்த்தாள், மறுபடியும் ‘தூண்’. ஜன்னலுக்கு வெளியே தபால்காரர் ‘தூண்’ என்று சொல்லி, அவரே திடுக்கிட்டு, சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். கையிலிருந்த பசை காய்ந்து இறுகும்வரை அவள் அப்படியே நின்றாள். தான் இழைத்த மரத்தைப் பார்த்துத் தன் வாயே தன்னை விட்டுப் போய்விட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. காரணம் மட்டும் புரியவில்லை.

காரணம் சாயங்காலம் தெரிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டி செய்யும் கம்பெனியின் முதலாளி ஒருவர் தூணோடு கூட்டுச் சேர்ந்து, அந்த வடிவத்தைத் தூணின் பெயரில் டிரேட் மார்க்காகப் பதிந்துவிட்டார். இனி அந்தக் கொம்பையும் குடைவையும் வைத்து வேறு யாரும் கிட்டார் செய்யக் கூடாது. அந்த வேறு யாரும் என்பதில் அவளும் சேர்த்திதான். அவன் அதைச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பால் வாங்கி வந்ததைச் சொல்வது போலச் சொன்னான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நான் வாசிக்கிறேன், ஜனங்க உன் பேரைச் சொல்றாங்க. எத்தனை வருஷம் கேட்டுட்டு நிக்கிறது?”

“நானா சொல்லச் சொன்னேன்?”

“சொல்லச் சொல்லல. ஆனா உனக்கு இனிச்சுது.”

இனிக்கத்தான் செய்தது. அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கும்போது அவளுக்கு மயிர்க்கூச்செறியும். அவன் அதைக் கவனித்திருக்கிறான் என்பதும், கவனித்ததை இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துக் கணக்குத் தீர்த்திருக்கிறான் என்பதும்தான் அவளைச் சுட்டன. அன்றைக்கே அவன் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனான். போகும்போது அந்த முதல் பேஸையும் தூக்கிக்கொண்டான்.

அவள் ஒரு வக்கீலம்மாவிடம் போனாள். முதுகுவலிக்காக அவளிடம் நாற்காலி செய்துகொண்டவர் அவர். உட்கார்ந்த நாற்காலிக்கு நன்றியோடு பேசினார்.

“ஒரு வடிவத்தைப் பார்த்ததும் அது யாரோடதுன்னு காட்டிக்கொடுக்கணும். அப்பதான் அது மார்க். இது இப்ப அவரைத்தான் காட்டிக்கொடுக்குது.”

“காட்டிக்கொடுத்தது அவர்தாங்க.”

“அது வேற கேஸ்மா. சட்டத்துல ஒரே ஒரு வழிதான் இருக்கு. ஒரு வளைவு ஒரு வேலைக்காக அப்படி இருக்குன்னா அதை யார் பேர்லயும் பதிய முடியாது. சக்கரம் உருளணும்னுதான் வட்டமா இருக்கு, அதுக்கு ஒருத்தர் சொந்தம் கொண்டாட முடியுமா? உங்க கொம்பும் குடைவும் எதுக்குன்னு நீங்க சொல்லணும்.” அப்புறம் கொஞ்சம் தயங்கி, “ஆனா ஒண்ணு. ஜெயிச்சா அது அவரோடது இல்லன்னு ஆகும். உங்களோடதுன்னு ஆகாது. யாரோடதும் இல்லன்னு ஆயிடும்,” என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு வழக்குப் போடச் சொன்னாள்.

பதிவாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்த அறையில் மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் பேஸை வைத்ததும் பதிவாளர் ‘தூண்’ என்றார். உடனே தொண்டையைச் செருமி, அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார். கம்பெனி வக்கீலுக்கு அதுவே போதுமாக இருந்தது. தெருவில் போனவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து காட்டினார். காய்கறி வாங்கப் போன பெண், பால்காரர், எதையோ விசாரிக்க வந்து வழி தவறிய ஒரு கிழவர், எல்லோரும் ‘தூண்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டு, கொம்பும் குடைவும் வெறும் அழகுக்காக என்று சொல்லி உட்கார்ந்தார்.

அரம் எழுந்து, பேஸைத் தன் கணவன் தோளில் மாட்டி இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள் என்றாள். அவன் விட்டான். பேஸ் தராசு முள் மாதிரி நேராக நின்றது. வேறு ஒரு சாதாரண பேஸை மாட்டச் சொன்னாள். அதன் கழுத்து தூங்கி விழுகிறவன் தலைபோலத் தரையைப் பார்த்து இறங்கியது. கொம்புக்கு அது போதும். குடைவு எதற்கு என்று பதிவாளர் கேட்டார். தூண் அவளைப் பார்த்தான். பழுப்புக் காகிதத்துக்கு முன்னால் நின்றபோது பார்த்த அதே பார்வை. சுவரோரம் பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அவரோட இடது விலா கோணலா சேர்ந்திருக்குங்க. விளிம்பு அதுல குத்தும். அதுக்காகத்தான் குடைஞ்சேன். இவர் மேடையில ஆடாம நிக்கிறது ஸ்டைல் இல்லைங்க. வலி.”

கம்பெனி வக்கீல் இதற்கு ஆதாரம் எங்கே என்று துள்ளி எழுந்தார். அவர் பேச்சை முடிப்பதற்குள், தூண் மெல்லிய குரலில், அங்கே வேறு யாருமே இல்லாதது போல, மனைவியிடம் கேட்டான்:

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியே?”

பதிவாளர் அதைக் குறிப்பில் சேர்க்கச் சொன்னார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். தூண் பேஸைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கோணல் விலாவை இனி மறைக்க வேண்டியதில்லை என்பது போல இடது பக்கம் சாய்ந்து நடந்து வெளியே போனான். துரோகம் செய்தவன் அவன், ஆனால் அவன் போன வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற அவளுக்குத்தான் எதையோ திருடிவிட்டது போல இருந்தது. அதன் பிறகு இருவரும் சந்தித்துக்கொள்ளவில்லை. அவன் வேறு ஊரில் உட்கார்ந்தபடி வாசிக்கிறான் என்று கேள்வி.

பதிவு ரத்தான அன்றிலிருந்து அந்த வடிவத்தைப் பார்க்கிறவர்களின் வாய் திறந்தது, ஆனால் எந்தப் பெயரும் வரவில்லை. காற்று மட்டும் வெளியேறியது, பிறகு மூடிக்கொண்டது. கண்டக்டருக்கும் அப்படித்தான், தபால்காரருக்கும் அப்படித்தான். எல்லாப் பட்டறைகளும் அதே கொம்போடும் குடைவோடும் செய்யத் தொடங்கின. பல வாத்தியக்காரர்களின் முதுகுவலி குறைந்தது. அரங்குகளில் விளக்கு வந்ததும் அத்தனை பேரும் சத்தமில்லாமல் வாய் திறந்து மூடுவது வெகு சீக்கிரம் பழகிப்போய், அதை யாரும் பேசக்கூட இல்லை. அரம் மறுபடி நாற்காலிகள் செய்தாள்.

சில வருஷம் கழித்து அவளுக்குக் கடைவாய்ப் பல் தாங்க முடியாமல் வலித்தது. புதிதாக வந்திருந்த பல் டாக்டரிடம் போனாள். சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரில், அந்த வடிவத்தில் ஒரு பேஸ் மாட்டியிருந்தது. கம்பிகள்கூட இல்லை. யாரோ அவசரத்தில் செய்தது. குடைவின் ஓரம் சரியாகத் தேய்க்கப்படவில்லை. அதைப் பார்த்ததும் எல்லாரையும் போல அவள் வாயும் திறந்துகொண்டது. டாக்டர் உடனே கண்ணாடியையும் கொக்கியையும் உள்ளே விட்டார்.

“பாத்தீங்களா, குழந்தைங்ககூட அடம் பிடிக்கிறதில்ல. யார் கண்டுபிடிச்ச வடிவமோ தெரியலம்மா. எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.”

அவள் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டு அவர் மரத்துப்போக ஒரு ஊசி போட்டார். பல்லைப் பிடுங்கிய பிறகு பஞ்சை வைத்து, இறுக்கிக் கடித்துக்கொள்ளச் சொல்லி, இன்று முழுக்கப் பேசக் கூடாது என்று அனுப்பிவைத்தார். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். அடுத்ததாக உள்ளே போனவர் வாய் திறக்கும் மெல்லிய சத்தம் கேட்டது.