பறிமுதல் மூட்டைகள்

மூலிகைப் பொட்டலத்துக்கு நகராட்சி தடை போட்ட அன்று ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் பெரியக்காதான். கடை கடையாகப் பறிமுதல் செய்யும் மூட்டைகளை எரிப்பதற்குத் தன் தம்பி வேலை பார்க்கும் குப்பைக் கிடங்குக்கே அனுப்பி வைப்பார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

கிடங்கில் அவள் குப்பை பிரிக்கிறவள். வயதில் மூத்த மேஸ்திரிகூட அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார். தம்பியை எல்லோரும் ஒட்டடை என்பார்கள். ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது ஏதோ காய்ந்த இலைத் தூள். அதன்மேல் ஏதோ மருந்தைத் தெளித்திருப்பார்கள். 'அறை வாசனைக்கு மட்டும், புகைப்பதற்கு அல்ல' என்று உறையில் அச்சடித்திருக்கும். அதை வாங்கிப்போய் அறைக்கு வாசனை காட்டியவன் ஒருத்தனும் இல்லை. முதலில் ஒரு பொட்டலத்தைப் பேர் சொல்லித் தடை செய்தார்கள். மறுவாரமே சிவப்பு உறை பச்சையாகிப் புதுப் பேரோடு அதே கடையில் தொங்கியது. பிறகுதான், பேர் எதுவானாலும் சரி, புகைக்கிற மூலிகையே விற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

தடை வருவதற்கு முன்னால் ஒட்டடை கட்டட வேலையில் இருந்தான். "கஞ்சாவா குடிக்கறேன்? கடைக்காரன் பில்லு போட்டுத் தர்றான்க்கா" என்பான். ஒரு நாள் காலையில் மூன்றாவது மாடிச் சாரத்தில் கண்ணைத் திறந்தபடி கம்பம் மாதிரி நின்றுவிட்டான். கூப்பிட்டால் பதில் இல்லை. கொத்தனார் அவன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார். அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்திலும் அவனைச் சேர்க்கவில்லை. பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு வேலையில நிலைச்சு நிக்கட்டும், அப்புறம் வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

பெரியக்கா மேஸ்திரியின் காலில் விழாத குறை. "அவன் தப்புப் பண்ணினா என்னையும் சேத்து வெளிய தள்ளுங்க" என்று வாக்குக் கொடுத்துத்தான் அவனை உள்ளே கொண்டுவந்தாள். கடைத்தெரு பக்கம் அவன் தலை காட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். இப்போது கடைத்தெருவே லாரி ஏறி வந்துவிட்டது.

"பெரியக்கா, ஊர் முழுக்க இருந்த போதையை உன் வாசல்ல கொட்டறேன், பத்திரமா பாத்துக்க" என்று டிரைவர் சிரித்தான்.

"உன் வாயைப் பாத்துக்க முதல்ல."

எரி உலை பழுதாகிக் கிடந்தது. மேலிடத்தில் கேட்டால் ஆள் வரும் என்பார்கள், ஆள் வர மழைக்காலம் வந்துவிடும். "குழியில கொட்டிக் கொளுத்துங்கப்பா, போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார் மேஸ்திரி.

"நான் குழிகிட்ட நிக்கறேன்" என்று ஒட்டடை முந்திக்கொண்டு குரல் கொடுத்தான். சோற்றுக்குத் தவிர வேறெதற்கும் முந்தாதவன். பெரியக்கா அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூட்டை இறங்கும்போது அவன் கையைப் பார்த்தாள். பிரிக்கும்போது விரலைப் பார்த்தாள். அவன் குனிந்தால் இவளும் எட்டிப் பார்த்தாள். பாலிதீன் போட வேண்டிய இடத்தில் இரும்பைப் போட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் திட்டு வாங்கினாள்.

மதியம் பார்த்தால் ஒட்டடை கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கண் செக்கச்செவேல் என்றிருந்தது.

"என்ன பெரியக்கா, உன் தம்பி செருப்போட குடும்ப விஷயம் பேசறான் போல?" என்றார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டு கேட்கவில்லை.

அவள் அவனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். சட்டைப் பையைத் துழாவினாள். கால்சட்டை மடிப்பை உதறினாள். சோற்று டப்பாவைத் திறந்து பார்த்தாள். சைக்கிள் சீட்டுக்கு அடியில் கைவிட்டாள். ஒன்றும் இல்லை.

"வாயையும் மோந்து பாரேன்" என்றான் ஒட்டடை.

மோந்து பார்த்தாள். பழைய சோறும் வெங்காயமும்தான் நாறின.

"திருடன்னு முடிவே பண்ணிட்டே இல்ல? கூடப் பொறந்தவ நீயே இப்படின்னா ஊரை என்ன சொல்ல?" அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்கும் வந்தது.

மேஸ்திரியோ விடுவதாக இல்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். மூத்திரத்தைச் சோதிச்சா தெரிஞ்சிடப் போகுது."

"சோதிங்க. மூணு மணி நேரம் அந்தப் புகையில நின்னவன் மூத்திரத்துல வேற என்ன வரும், பன்னீரா? திறந்த குழியில எரிக்கச் சொன்னது யாருன்னு அங்கயும் கேப்பாங்க. அதையும் சொல்லிக்கலாம்" என்றாள் பெரியக்கா.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சரி சரி, விடு. நாளைக்கும் மூட்டை வருது. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

அன்று மாலை வீட்டில் பெரியக்கா தன் பங்கு முட்டையையும் தம்பி தட்டில் வைத்தாள். தொட்டிக்குப் பின்னால் அவனை உதறி உதறிப் பார்த்ததற்கு அவளால் முடிந்தது அதுதான்.

மறுநாள் குழிப் பக்கம் அவள் போனது வேவு பார்க்க அல்ல. முகத்தில் கட்டிக்கொள்ள அவனுக்கு ஒரு ஈரத் துணி கொண்டுபோனாள். டயர்க் குவியலைத் தாண்டும்போது அவன் தெரிந்தான். அவள் அங்கேயே நின்றாள்.

குழி வேலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கொளுத்துவதற்கு முன் பழைய சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து மேலேயிருந்து விடுவார்கள். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் நிற்க மாட்டார்கள். ஒட்டடைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

ஒட்டடை சாம்பலை எடுத்து விட்டான். அது மதில் பக்கம் போனது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தான். பிறகு நெருப்பைக் கிளறும் வாரியைத் தூக்கிக்கொண்டு நிதானமாக மதில் பக்கம் போய் நின்றான்.

தெரியாமல் நிற்கிறான் என்றுதான் நினைத்தாள். நினைக்க ஆசைப்பட்டாள். நெருப்புப் பிடித்தது. வெள்ளையாகக் கிளம்பிய புகை அவன் மார்பில் மோதியது. அவன் முகத்துத் துணியைக் கழுத்துக்கு இறக்கினான். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்ப, மற்றவர்கள் வசை பாடிக்கொண்டே இடம் மாறினார்கள். ஒட்டடை இன்னொரு சிட்டிகை விட்டுப் பார்த்தான். புகை போன பக்கமே அவனும் போனான்.

நேற்று அவள் பையிலும் மடிப்பிலும் தேடியிருந்தாள். மூக்கில் தேடவில்லை.

நேராகப் போய் அவன் கையிலிருந்த வாரியைப் பிடித்தாள். "இந்தப் பக்கம் வாடா."

"ஏன்? என்ன பண்ணிட்டேன்?"

"பாத்துட்டேன். எல்லாத்தையும் பாத்துட்டேன்."

அவன் வெட்கப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "கையால எடுத்தேனா? பத்த வச்சேனா? பத்த வச்சது நகராட்சி. நான் நிக்கறேன், அவ்வளவுதான். சம்பளத்துக்கு நிக்கறேன். மூச்சு விடக் கூடாதுன்னு எந்தத் தடையில போட்டிருக்கு, சொல்லேன்!"

"உன் பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சுட்டுத்தான் நிக்கறேன்."

"என்னய்யா அங்க அக்கா தம்பி பஞ்சாயத்து?" என்று மேஸ்திரி போனைக் கையில் பிடித்தபடி வந்தார்.

புகைதான் காரணம் என்று நேற்று சொன்னாள். இன்றும் அதையே சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் இன்னும் எத்தனை தெருக் கடைகள் பாக்கி இருக்கின்றன. அத்தனையும் இந்தக் குழிக்குத்தான் வரும். இவன் ஒரு நாளும் லீவு போட மாட்டான். சாரத்தில் இடுப்பில் கட்டக் கயிறு இருந்தது. இங்கே கால் முன்னால் நெருப்பு.

"இவனைக் குழியிலருந்து எடுத்துடுங்க, மேஸ்திரி."

"ஏன்?"

"நிக்கக் கூடாத பக்கம் நிக்கறான்."

"புது ஆளு, தெரியாம நின்னிருப்பான்."

"தெரிஞ்சுதான் நிக்கறான்."

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் தன்னை மாட்டிவிடும் சூழ்ச்சி ஏதும் இருக்கிறதா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது. "நீ குடுத்த வாக்கு ஞாபகம் இருக்கா? உன்னையும் சேத்துன்னு சொன்னே."

"இருக்கு."

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். பாதி மூட்டைகூட இறங்கவில்லை. வேறு ஆளும் இல்லை. "சரி. இருக்கறதை எரிச்சு முடிச்சுட்டுப் போங்க, ரெண்டு பேரும். நாளையிலருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டு, புகை படாத தூரத்தில் போய் நின்று போட்டோ எடுத்தார்.

"இப்ப நிம்மதியா உனக்கு?" என்றான் ஒட்டடை.

பெரியக்கா ஈரத் துணியைத் தன் முகத்தில் கட்டிக்கொண்டு, காற்று வருகிற பக்கம் நகர்ந்து, அடுத்த மூட்டையைக் குழிக்குள் உருட்டிவிட்டாள். "வா இந்தப் பக்கம்" என்றாள். ஒட்டடை வந்தான். அவளுக்குப் பின்னால், கை எட்டாத தூரத்தில் நின்றான். கண்ணில் எரிச்சல் தாங்காமல் அவள் இமையை மூடும்போதெல்லாம், திறந்ததும் முதலில் திரும்பிப் பார்த்தது அவனைத்தான்.