வலிக்காத கால்

1

இந்தக் கதை பிறந்த இடம் என் இடது தொடை. இடுப்பில் அறுவை முடிந்து படுத்திருந்தேன். தொடை தொடங்கும் கவட்டியில் ஊசி போட்டு நரம்பை மரக்க வைத்திருந்தார்கள். கிள்ளிப் பார்த்தேன்; பக்கத்துப் படுக்கைக்காரர் காலைக் கிள்ளியது போலிருந்தது. சுகமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ பயமாக இருந்தது. அந்தப் பயத்தை வேறொருவன் தலையில் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது.

2

தக்கலை இன்னும் தமிழ்நாட்டோடு சேராத அந்த வருடங்களில் ஒருநாள், பனையேறி சுடலையாண்டி காலைப் பதநீர் இறக்க ஏறியபோது மட்டை

(இந்த வாக்கியம் வேண்டாம். அவன் விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுவதை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்து ஆணி வைத்தார்கள். பிறகு டாக்டர் சுந்தர்சிங் வலி தெரியாமலிருக்க அவன் கவட்டியில் ஓர் ஊசி போட்டார். அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா என்று மருத்துவ நண்பரிடம் கேட்டேன். "அபூர்வமாக இருந்திருக்கலாம்" என்றார். கதை எழுதுகிறவனுக்கு அது போதும்.

3

அவன் மனைவிக்கு முதலில் எலிசா என்று பெயர் வைத்தேன். அவள் உடனே முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கினாள், கதை நகரவில்லை. பூங்கனி என்று மாற்றினேன். பூங்கனி புருஷனின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள்.

"நோவுதா?"

"இல்லட்டி. ஒண்ணும் தெரியல்ல. நல்ல சொகமா இருக்கு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பனையேறிகள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. விழுந்தவன் வலியில் கத்தினால் பிழைத்துக்கொள்வான்; கால் நோவவில்லை என்றால் முதுகு போயிற்று. பனையிலிருந்து விழுந்த அவள் அண்ணனும் சொகமா இருக்கு என்று சிரித்தபடி கருப்பட்டிக் காப்பி வாங்கிக் குடித்தான். அடுத்த மழைக்கு அவன் இல்லை.

(டாக்டர் விளக்கியிருக்க மாட்டாரா என்று கேட்பீர்கள். எல்லா டாக்டர்களும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: பயப்படாண்டாம்.)

"வண்டி பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போறேன்," என்றாள். "சாவுததா இருந்தா நம்ம கூரைக்குள்ள கெடந்து சாவும்."

4

சுடலையாண்டிக்குக் குழப்பம். கால் பிழைத்ததா, போயிற்றா? ஆனால் காலைவிட அவள் அழுகைதான் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அதைச் செய்தான், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அய்யோ! ஏட்டி, நோவுதே! உயிரு போவுதே!"

"ஒள்ளதா?"

"ஒள்ளதுதாண்டி, அய்யோ!"

பூங்கனியின் முகம் மலர்ந்தது. சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் தடவினாள். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் அன்பு வந்துவிட்டது, மறைக்கப்போவதில்லை.

கத்தல் டாக்டர் காதுக்கும் போயிற்று.

5

டாக்டர் ஊசியோடு வந்தார். "மருந்து பிடிக்கல்ல போலிருக்கு. இன்னொண்ணு போடலாம். ஆனா மொத மருந்து பிடிச்சிருந்தா, மேல போட்டா வலிப்பு வரும், நெஞ்சு நிண்ணு போவும். ஒள்ளதச் சொல்லு சுடலையாண்டி, நோவுதா?"

முடிவு ஒன்று: இல்லை என்கிறான். பூங்கனி யார் சொல்லியும் கேட்காமல் வண்டி பிடிக்கிறாள். புது ஆணி, மாட்டுவண்டி, தக்கலை ரோட்டுப் பள்ளம், அவன்

(முடியவில்லை.)

முடிவு இரண்டு: ஆமாம் என்கிறான். ஊசி ஏறுகிறது. கையும் காலும் வெட்டி இழுக்க

(கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு மூன்று: டாக்டருக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு துண்டால் அவன் கண்ணை மூடுகிறார்.

"நான் கிள்ளும்போ சொல்லணும், கேட்டியா? ஏம்மா, நீ மிண்டப்பிடாது, வாயே தெறக்கப்பிடாது."

இதை முடிவென்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

6

துண்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. எப்போது கத்துவதென்று அவனுக்குப் புரியவில்லை. பூங்கனியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். டாக்டரின் விரல்கள் தொடைக்குப் போகின்றன.

கிள்ளிவிட்டார்.

நான் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்கள். பூங்கனியும் பார்த்தாள். அவன் மட்டும் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான். இதுவரை கத்தியதெல்லாம் தனக்காகத்தான் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. அண்ணனின் காப்பி டம்ளரும் கண்முன் வந்திருக்கும். பயத்தில் அந்தக் கை ஓர் இறுக்கு இறுக்கினால் போதும், அதுதான் சமயம் என்று அவன் கத்திவிடுவான், ஊசி ஏறும்.

என் தொடையில் மருந்தின் வேகம் குறையத் தொடங்கிவிட்டது. நல்ல வலி. இனி எழுத முடியாது.

பூங்கனியின் கையை உங்களிடம் தருகிறேன். அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான், பார்த்து.